வாடகை மின்வண்டியும் தொடுதிரைப் பயிற்சியும்

ஒரு கருவியைக் கையாளுவோன் அதனைத் தன் கைக்கு இணக்கிக்கொள்வதும், அவன் கை அக்கருவிக்குப் பழகிப்போவதும் ஒருங்கே நிகழ்வன. உழவனுக்கு மேழியும், நெசவாளனுக்கு நாடாவும், தட்டானுக்குச் சுத்தியலும் இவ்வாறு பழகியவை. சொந்தக் கருவியாயின் இப்பழக்கம் நாளடைவில் தானே உண்டாகும். வாடகைக் கருவிக்கோ அத்தகைய நாள்கள் இல்லை. காலையிற் பெற்று மறுநாள் மாலையிற் திருப்பித்தரும் பொருளை, பெற்ற நாழிகையிலேயே நெடுநாட் பழகியவன்போல் கையாள வேண்டியிருக்கின்றது. வாடகைப் பாத்திரத்திற்கும் பந்தலுக்கும் இதனால் வரும் தீங்கு சிறிது. 1,000 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையோடு சாலையில் விரையும் வண்டிக்கு அவ்வாறன்று. இக்காலத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மின்சார மோட்டார் வண்டியில் இவ்விடர் புதியதோர் உருவம் பெற்றிருக்கின்றது. அஃது யாதென ஆராய்ந்து, ஓட்டுவோர் செய்யத்தக்கதை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூர் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அறுபது, எண்பது ஆண்டு நிரம்பிய பெற்றோர்க்கு மணவிழா நடத்த விரும்பும் மக்கள் பல திசைகளினின்றும் அங்கு வருகின்றனர். அயல்நாட்டில் வாழும் மகனோ மகளோ சென்னையில் விமானத்தினின்று இறங்கி, ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முதிர்ந்த தாய்தந்தையரைப் பின்னிருக்கையில் அமர்த்திப் புறப்படுதல் இன்று இயல்பு. சென்னையினின்றும் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து, சீர்காழி சென்று திருக்கடையூரை அடைவதற்கு 250 கிலோமீட்டருக்கு மேலாகின்றது. இவ்வழியின் தென்பகுதி காவிரிக் கழனி நாடு. அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். வாத்துக் கூட்டம் ஒரு கரையினின்று மறு கரைக்குக் கடக்கும். பள்ளிப் பிள்ளைகள் மிதிவண்டிகளில் அணியணியாய்ச் செல்வர். ஐப்பசியில் பெருமழையும், மார்கழி விடியலில் மூடுபனியும் உண்டு. இத்தகைய வழி ஓட்டுவோனுடைய கண்களை முழுவதும் கேட்கின்றது. அவனுடைய வண்டியோ அக்கண்களில் ஒரு பங்கைத் தனக்குக் கேட்கின்றது. இடர் இதுவே.

வண்டியின் இயல்பு

மின்வண்டி புத்தம்புதிய பொருள் அன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதற் கடந்த மோட்டார் வண்டி மின்சாரத்தால் ஓடியதே. அதனை 1899ஆம் ஆண்டில் பிரான்சில் ஓட்டியவர் காமில் ஜெனாட்சி என்னும் பெல்ஜியர். பின்னர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரத் தொடக்கி, பெட்ரோல் வண்டியைக் கைக்கோலாற் சுழற்றும் துன்பத்தை நீக்கியது. பெட்ரோல் மலிவும் அதனோடு சேரவே, மின்வண்டி பின்னடைந்தது. நம் நாட்டில் 2001ஆம் ஆண்டில் பெங்களூரினின்று வெளிவந்த ‘ரேவா’ என்னும் சிறு வண்டி இம்மரபை மீட்டது. 2019இல் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் இணைக்கப்பெற்ற ஹூண்டாய் கோனாவும், 2020இல் வெளிவந்த டாட்டா நெக்ஸானின் மின்வகையும் நெடுவழிச் செலவிற்கு இதனை உரியதாக்கின. ஓட்டுநரின்றி வண்டியை மட்டும் வாடகைக்கு விடுதற்கு நம் நாட்டில் 1989ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத் திட்டம் வகுக்கப்பட்டது. இவ்விரண்டும் கூடியதன் பயனே வாடகை மின்வண்டி.

பெட்ரோல் வண்டியிற் பழகியவன் இதில் மூன்று வேறுபாடுகளைக் காண்பான். முதலாவது, ஓசையின்மை. இயந்திரம் உறுமாதாகலின், வண்டி புறப்பட ஆயத்தமாக உள்ளதோ இல்லையோ என்பதைச் செவியால் அறிதல் அரிது. முகப்பில் எரியும் அடையாள விளக்கைக் கண்டே அறிதல்வேண்டும். இரண்டாவது, விசையின் விரைவு. மின்னோடி நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்கு விசையையும் தரவல்லது. எனவே, மிதியைச் சற்றே அழுத்தினும் வண்டி பாய்ந்து செல்லும். மூன்றாவது, மிதியினின்று காலை எடுத்தவுடன் வண்டி தானே வேகம் குறைதல். அப்பொழுது உருளைகள் மின்னோடியைச் சுழற்ற, அது டைனமோவாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கி மின்கலத்திற்குத் திருப்பியனுப்புகின்றது. சிக்கனத்திற்கு இது மிக நன்று. ஆயின், இவ்வியல்பை அறியாதவன் காலைச் சட்டென எடுப்பின், பின்னிருக்கையிலுள்ள முதியோர் முன்னே சாய்வர். இதன் அளவைக் கூட்டவும் குறைக்கவும் பல வண்டிகளில் இடமுண்டு. அவ்விடம் பெரும்பாலும் தொடுதிரையினுள்ளே மறைந்திருக்கின்றது.

தொடுதிரையின் இயல்பு

தொடுதிரை ஓட்டுவோர்க்கென முதலில் தோன்றியதன்று. இங்கிலாந்தில் ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இ. ஏ. ஜான்சன் என்பவர், விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்போர்க்காக 1965ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதினார். மோட்டார் வண்டியில் 1986ஆம் ஆண்டிலேயே பியூக் ரிவியரா என்னும் அமெரிக்க வண்டி இதனைப் பொருத்தியது. 2012இல் வந்த டெஸ்லா ‘மாடல் எஸ்’ 17 அங்குலத் திரையை நடுவில் நிறுத்தி, பொத்தான்களுட் பெரும்பாலானவற்றை நீக்கிற்று. பின்னர் மற்றையோரும் அவ்வழியைப் பின்பற்றினர். பல பொத்தான்களும் அவற்றின் கம்பிகளும் செய்யும் வேலையை ஒரு கண்ணாடியே செய்யுமாயின் செலவு குறையும், வண்டி விற்ற பின்னரும் புதிய வசதிகளைச் சேர்க்கலாம், இவையே காரணம்.

இத்திரையின் கண்ணாடிமீது மின்சாரம் கடத்தும் மெல்லிய, ஒளிபுகும் பூச்சொன்று உளது. விரலும் மின்சாரத்தைக் கடத்துவதாகலின், விரல் அணுகிய இடத்தில் மின்தேக்கம் மாறுபடும். அம்மாறுபாட்டைக் கொண்டு, தொட்ட இடம் எதுவெனப் பொறி கணிக்கும். ஆதலால், துணி சுற்றிய விரலை அது பெரும்பாலும் உணராது; நீர்த்துளி விழுந்தால் மயங்கும். எவ்வாறாயினும், தொடுவோன் விரலுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வேகத்தைக் கூட்டும் இடமும் வெறுமிடமும் விரலுக்கு ஒன்றே. பழைய பொத்தானோ தன் வடிவத்தாலும், அழுந்தும் ஒலியாலும், “நான் இங்கே இருக்கின்றேன், என் வேலை முடிந்தது” என்று விரலுக்குச் சொல்லும்.

திருவாவடுதுறையும் திருக்கடையூரும் அடங்கிய இந்நாடு நாகசுரத்திற்குப் பேர்போனது. நாகசுரக்காரர் துளையைப் பார்த்து விரல் வைப்பதில்லை; துளையின் விளிம்பே விரலுக்கு வழிகாட்டுகின்றது. துளைகளற்ற வழுவழுப்பான குழலொன்றில், துளைகளின் படத்தை மட்டும் வரைந்து கொடுத்தால், அவர் வாசிப்பதற்கு ஒவ்வொரு சுரத்திற்கும் குனிந்து பார்க்கவேண்டியிருக்கும். தொடுதிரை வண்டியை ஓட்டுவோன் நிலை இத்தகையது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் செல்லும். குளிர்காற்றைக் கூட்டுதற்காக இரண்டு விநாடி திரையை நோக்கினால், 33 மீட்டர் தூரத்தை அவன் காணாமலே கடக்கின்றான். வாத்துக் கூட்டம் குறுக்கிடுதற்கு அத்தூரம் போதும்.

சான்றுகள்

இஃது ஊகமன்று. சுவீடன் நாட்டு மோட்டார் இதழாகிய ‘வி பிலாகரே’ 2022ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலை மாற்றுதல், வானொலி நிலையம் மாற்றுதல் முதலிய நான்கு வேலைகளைச் செய்யவேண்டும். பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வால்வோ வண்டியில் இவற்றிற்குப் 10 விநாடியும் 306 மீட்டரும் ஆயின. தொடுதிரை வண்டிகளுள் மிகப் பின்தங்கியதில் ஏறத்தாழ 45 விநாடியும் 1,372 மீட்டரும் ஆயின. இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு: சோதனைக்கு முன் ஓட்டுநர்க்கு அவ்வண்டிகளைப் பழகிக்கொள்ள நேரம் அளிக்கப்பட்டிருந்தது. அங்ஙனமாயின், பழகாத வாடகை வண்டியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

கடலிலும் இவ்வுண்மை புலப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிங்கப்பூருக்கு அருகில் அமெரிக்கப் போர்க்கப்பலாகிய ‘ஜான் எஸ். மக்கெயின்’ ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. மாலுமிகள் 10 பேர் மாண்டனர். சுக்கானையும் விசையையும் தொடுதிரையால் ஆளும் அமைப்பில், எந்த இடத்திலிருந்து எது இயக்கப்படுகின்றது என்பதில் நேர்ந்த குழப்பமும், மாலுமிகட்குப் பயிற்சி போதாமையும் காரணங்களுட் சிலவென விசாரணையிற் தெரிந்தது. 2019இல் அந்நாட்டுக் கடற்படை, இவ்வகைக் கப்பல்களில் கைப்பிடியால் இயக்கும் விசைக்கே மீள்வதாக அறிவித்தது. 2020இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே உயர்நீதிமன்றம், ஓடும் வண்டியில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்ற முயன்று விபத்துக்குள்ளான ஒருவருக்கு விதித்த தண்டனையை உறுதிசெய்தது. வண்டியோடு பொருத்திய திரையாயினும் கண்ணைக் கவர்வது குற்றமே என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்பை மதிப்பிடும் ‘யூரோ என்காப்’ அமைப்பும், திருப்பு விளக்கு, அபாய விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்திற்கும் தனி விசைகள் இருத்தலை 2026 முதல் தன் மதிப்பீட்டிற் சேர்த்திருக்கின்றது.

இவற்றால் தொடுதிரை முற்றும் தீதென்று கொள்ளற்க. பின்னோக்கிச் செல்லும்பொழுது பின்னால் நிற்கும் குழந்தையைக் காட்டுவது அதுவே. எஞ்சிய மின்சாரம் எத்தனை கிலோமீட்டருக்குப் போதும் என்று கணக்கிட்டுரைப்பதும், அறியாத ஊரில் வழி காட்டுவதும் அதுவே. நிற்கும் வண்டியில் அது நல்லாசிரியன். ஓடும் வண்டியிலோ இடையிட்டுப் பேசும் துணைவன். இவ்விரண்டையும் பிரித்தறிதலே வாடகைக்கு எடுப்போன் கற்கவேண்டிய பாடம்.

செய்யத்தக்கன

முதலாவதாக, வண்டியைப் பெற்ற இடத்திலேயே அரைமணி நேரம் நிற்றல்வேண்டும். கொடுப்போர் அவசரப்படினும், பின்னிருக்கையினர் நல்ல நேரம் தவறுமென்று வருந்தினும், இவ்வரைமணியை விட்டுக்கொடுத்தல் ஆகாது. இருக்கை, பக்கக் கண்ணாடி, இருக்கை வார் ஆகியவற்றை அப்பொழுதே ஒழுங்குசெய்க. சில வண்டிகளில் பக்கக் கண்ணாடியைத் திருப்புவதும் திரையினுள்ளே உளது.

இரண்டாவதாக, முகப்பு விளக்கு, திருப்பு விளக்கு, வைப்பர், ஹாரன், அபாய விளக்கு, முன்கண்ணாடியிற் படியும் பனியை நீக்கும் விசை ஆகிய ஆறினையும் தேடிக் காண்க. பின்னர்க் கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டிப் பார்க்க. கை தானே சென்று அடைவன எவை, திரையைப் பாராமல் இயக்க இயலாதன எவை என்பது அப்பொழுது விளங்கும். இயலாதவற்றைப் புறப்படுமுன்னரே ஏற்ற அளவில் நிறுத்துக. ஸ்டீரிங்கிலுள்ள பொத்தான்களாலோ குரலாலோ அவற்றை இயக்கக் கூடுமாயின் அவ்வழியைக் கற்றுக்கொள்க.

மூன்றாவதாக, காலை எடுத்தால் வேகம் குறையும் இயல்பினைக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டு, ஆளற்ற வெளியில் பத்து முறையேனும் ஓட்டி நிறுத்திப் பழகுக. இறங்குமுன் வண்டியை நிறுத்துநிலைக்குக் கொணர்ந்தோமா என நோக்குதலையும் வழக்கமாக்குக. ஓசையின்மையால் இதனை மறப்பது எளிது.

நான்காவதாக, மின்னேற்று நிலையத்தை முன்னரே குறித்துக்கொள்க. விளம்பரத்திற் கண்ட தூரம், விரைவாலும் குளிர்காற்றாலும் குறையும். விரைவு மின்னேற்றமும் நூற்றுக்கு எண்பது வரையிலேதான் விரைந்து ஏறும், அதன்பின் மெதுவாகும். ஒரு நிலையம் பழுதாயிருப்பின் அடுத்ததை அடையும் அளவிற்கு மின்சாரம் மிஞ்சியிருக்கும்போதே நிற்பது அறிவுடைமை. புதுச்சேரியிலோ சிதம்பரத்திலோ உணவிற்குத் தங்கும் நேரமே இதற்குப் போதும்.

ஐந்தாவதாக, பயணம் தொடங்கியபின் திரையை ஆளும் பணியை அருகிலிருப்பவரிடம் ஒப்புவிக்க. தனியே செல்வோன், மாற்றவேண்டியது உண்டாயின், சாலையோரத்தில் நிறுத்தி மாற்றுக. திருப்பித்தரும்பொழுது, வண்டியோடு இணைத்த தன் கைப்பேசியின் பெயரையும், அதனின்று திரை வாங்கி வைத்திருக்கும் எண்களையும், சென்ற இடங்களின் குறிப்புகளையும் அழித்துவிட்டுத் தருக. இன்றேல் அவை அடுத்து வருவோன் கண்ணிற் படும்.

முடிவுரை

திருக்கடையூருக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் கரையிறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியிற் கல்வி கற்றவர். தமிழறியாத அவர், உள்ளூர்த் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து கற்றார். தாம் முன்னரே கற்றவர் என்பது அவருக்கு அதில் தடையாகவில்லை. மணலில் எழுதும் விரலுக்கு எழுத்தின் வளைவும் சுழியும் உணர்வாய்ப் பதிந்து, பின்னர்க் கண்ணின் துணையின்றியும் கை எழுதும். கண்ணாடித் திரை அத்தகைய உதவியைச் செய்யாது. ஆகலின் அதனிடம் கற்போன் இன்னும் பொறுமையோடு கற்றல்வேண்டும்.

இருபது ஆண்டு வண்டி ஓட்டியவனும் புதிய வண்டியின்முன் தொடக்க மாணவனே. அவ்வாறு தன்னைக் கருதி அரைமணி நேரம் அமர்வது இழிவன்று. அது பின்னிருக்கையிலுள்ள பெற்றோர்க்கும், சாலையோரத்தில் நெல்லைக் கிளறிவிடும் பெண்டிர்க்கும், மிதிவண்டியிற் செல்லும் பிள்ளைகட்கும் அவன் செலுத்தும் கடன். மாணவ நண்பர்கள் நாளை இத்தகைய வண்டிகளை ஓட்டுவர். அவருட் சிலர் அவற்றை அமைக்கவும் செய்வர். ஓட்டுவோர் நிற்கும்பொழுது கற்று, ஓடும்பொழுது சாலையையே நோக்குவாராக. அமைப்போர், மனிதன் விரலுக்கும் ஓர் அறிவுண்டு என்பதை மறவாது அமைப்பாராக.