சோலைமந்தி: மரமுடியில் ஒரு வாழ்வு

பங்காருபேட்டை வட்டாரத்தின் பாறைக் குன்றுகளிலும் கோயில் வளாகங்களிலும் நாம் நாள்தோறும் காண்பது நாட்டுக் குரங்கு. கிடைத்ததைத் தின்று, எங்கும் வாழப் பழகிய இனம் அது. அதற்கு நெருங்கிய உறவான மற்றொரு குரங்கு நம் மாநிலத்தின் மேற்கு மலைகளில் வாழ்கிறது. ஆனால் அதனால் எங்கும் வாழ இயலாது. சோலைமந்தி என்றும் சிங்கவால் குரங்கு என்றும் அழைக்கப்படும் அவ்வினத்தை இவ்விதழில் அறிந்துகொள்வோம்.

தோற்றம்

கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி மயிர், நுனியில் சிறு குஞ்சம் கொண்ட வால். பெயருக்குக் காரணம் பிடரியன்று, அந்த வாற்குஞ்சமே. தன் இனத் தொகுதியில் இது சிறிய உடலமைப்பு உடையது. மந்தியைவிடக் கடுவன் பெரியது. எனினும் அதன் எடை பத்துக் கிலோவைத் தாண்டுவது அரிது.

வாழ்க்கை முறை

கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களிலுள்ள மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இக்குரங்கு இயற்கையாக வாழ்வதில்லை. பத்து முதல் இருபது வரை கூட்டமாக வாழும். பெரும்பாலும் ஒரு வளர்ந்த கடுவனே கூட்டத்தில் இருக்கும். அதன் உரத்த குரல் காடெங்கும் கேட்கும். பகற்பொழுதின் பெரும்பகுதி மரமுடிகளில் இரை தேடுவதிலேயே கழிகிறது. ஆனைமலைக் காடுகளில் வெடிப்பலா இதற்கு முக்கிய உணவு. அத்திப் பழங்கள், பூச்சிகள், நத்தைகள், சிறு பல்லிகள் ஆகியவற்றையும் உண்ணும். கிடைத்த பழங்களைக் கன்னப்பைகளில் சேமித்து, பிறகு நிதானமாக மென்று தின்பது இதன் வழக்கம்.

பெருகுவதோ மிக மெதுவாக. காட்டில் ஒரு மந்தி முதற்குட்டியை ஈனுவதற்கு ஏறத்தாழ ஆறரை வயதாகிறது. கருக்காலம் சுமார் ஆறு மாதம். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு இரண்டரை ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளி. ஆகவே ஒரு மந்தியின் இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும்.

அபாயமும் காப்பும்

தேயிலை, காப்பித் தோட்டங்களும் சாலைகளும் அணைகளும் மழைக்காட்டைத் துண்டு துண்டாக்கின. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில், ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த காட்டுத் துண்டில் நூற்றுக்கும் மேற்பட்டவை நெருங்கி வாழ்கின்றன. மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொடாத இடத்தில் அவை தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கின்றன; வாகனங்களில் அடிபடுகின்றன. இதைத் தடுக்க, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலையின் குறுக்கே மரத்திற்கு மரம் பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. குரங்குகளும் அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே திட்டமிடப்பட்ட நீர்மின் அணை, மக்களின் நீண்ட எதிர்ப்பால் கைவிடப்பட்டு, 1984இல் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. அப்போராட்டத்தின் அடையாளமாக விளங்கியது சோலைமந்தியே. நம் கர்நாடகத்திலும் 2019இல் சராவதிப் பள்ளத்தாக்கு இதன் பெயரிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனினும், காட்டில் வாழும் முதிர்ந்த சோலைமந்திகள் 2,500க்கும் குறைவே என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டுள்ளது.

நாம் செய்யக்கூடியது எளியது. மலைப்பாதைகளில் குரங்குகளுக்குத் தின்பண்டம் தரலாகாது. அது அவற்றை மரத்திலிருந்து சாலைக்கு இறக்கும். காட்டை ஊடுருவும் சாலைகளில் வாகனத்தை மெதுவாகச் செலுத்த வேண்டும்.

2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலின் சுரங்கங்களை நாம் அறிவோம். தோண்டி எடுத்த தங்கம் மீண்டும் விளைவதில்லை. காடு அப்படியன்று; முதலில் கை வைக்காதவரை ஆண்டுதோறும் நீரும் நிழலும் கனியும் வட்டியாகத் தந்துகொண்டே இருக்கும். அந்த முதல் கரையாமல் இருக்கிறதா என்பதை மரமுடியில் அமர்ந்து நமக்குக் காட்டும் கணக்கேடு இச்சிறு குரங்கு.