பானை ஓட்டில் ஒரு பெயர்: ஆட்பெயர் வழியே வரலாற்று வகுப்பு

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் தமிழ்-பிராமி எழுத்து பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் 'ஆதன்' என்று எழுதி, கீழடிப் பானை ஓட்டில் கிடைத்த பெயர் என்றேன். "எந்த ஊர் ராஜா சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். "ராஜா இல்லை; அந்தப் பானையை வைத்திருந்தவராக இருக்கலாம்" என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. சாதாரண ஆளின் பெயரும் வரலாற்றில் வரும் என்பது அவர்களுக்குப் புதிது. அன்று முதல் இப்பாடத்தை எழுத்து வடிவிலிருந்து தொடங்காமல் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

சான்றுகள் எங்கே?

தமிழ்-பிராமியில் ஆட்பெயர்கள் இரண்டு வகை இடங்களில் கிடைக்கின்றன. ஒன்று, சமணத் துறவியர் தங்கிய குகைத்தளங்கள். மற்றொன்று, பானை ஓடுகள். குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவனின் விரிவான தொகுப்பு 2003இல் வெளிவந்தது. கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்தன. குகையில் அரசர், வணிகர் பெயர்கள் உண்டு. ஓட்டிலோ வீட்டில் புழங்கியவர்களின் பெயர்களைக் காண்கிறோம்.

பெயர் எப்படி அமைந்தது?

அழகர்மலைக் குகைத்தளத்தில் கொடை அளித்தவர்களின் பட்டியலே இருக்கிறது. மதுரைப் பொன்கொல்லன் ஆதன் ஆதன், உப்பு வணிகன் வியகன், கொழு வணிகன் இளஞ்சந்தன் என்று ஊரும் தொழிலும் பெயருக்கு முன்னே வருகின்றன. கொழு என்பது ஏர்க்கொழு. நம் கரிசல் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அறுவை வணிகன் என்பவர் துணி வணிகர். மதுரை அக்கல்வெட்டில் 'மதிரை' என்றே உள்ளது. எழுத்துப்பிழை என்று மாணவர் சொன்னால், அந்நாளில் ஊர்ப்பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

ஆதன் ஆதன் என்பதில் ஒன்று தந்தை பெயர், மற்றொன்று மகன் பெயர் என்று கொள்கிறார்கள். நம் வருகைப் பதிவேட்டின் தலைப்பெழுத்தும் இதே முறைதான். தந்தை பெயர் அங்கே ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது.

மாங்குளம் கல்வெட்டு ஒன்றில் தந்தை சடிகன், மகன் இளஞ்சடிகன். கரூரை அடுத்த புகளூரில் சேர மரபின் மூன்று தலைமுறை ஒரே கல்வெட்டில் வருகிறது. அதில் தந்தை பெருங்கடுங்கோன், மகன் இளங்கடுங்கோ. இதைச் சொன்னதும் பின் வரிசையிலிருந்து, "எங்க தெருவுல பெரியகருப்பன், சின்னக்கருப்பன் இருக்காங்க சார்" என்று குரல் வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறாத ஒரு பழக்கத்தை மாணவரே கண்டுபிடித்துவிட்டார். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் ஆயிற்று என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

எல்லாப் பெயரும் தமிழ் வேரிலிருந்து வந்தவை அல்ல. கீழடியின் திசன், கொடுமணலின் சுமணன் ஆகியவை பிராகிருதப் பெயர்கள் தமிழ் விகுதி ஏற்றவை. பெயர் வெளியூர் சென்றதற்கும் சான்று உண்டு. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் ஓடுகளில் கிடைத்தன. தாய்லாந்தில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்றுள்ளது. தன் கருவியில் பெயர் பொறித்த ஒரு தொழிலாளியை அதில் பார்க்கிறோம்.

நம் பகுதிக்கு இடமுண்டா?

மாணவர் கட்டாயம் கேட்பார்கள். உண்டு. மல்லாங்கிணறு வட்டாரத்தை ஒட்டிய குறண்டியில் ஒரு காலத்தில் பெரிய சமணப்பள்ளி இருந்தது. மதுரை சமணமலையில் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள், வெண்புநாட்டுத் திருக்குறண்டியைச் சேர்ந்த கனகநந்தி போன்றோர் செய்வித்த திருமேனிகளைக் குறிக்கின்றன. அதே மலையில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் பெயரும் இருக்கிறது. ஒரு தாயின் பெயர் கல்லில் நிலைத்த இந்த இடத்தை வகுப்பில் தவறவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கை

அயர்லாந்தில் கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலான ஓகம் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்லின் விளிம்பில் கோடுகளாக வெட்டிய எழுத்து அது. பெரும்பாலானவற்றில் இன்னாரின் மகன் இன்னார் என்பதே செய்தி. வேட்டைநாயைக் குறிக்கும் சொல் அந்தக் கெல்டியர் பெயர்களில் வீரத்தின் அடையாளமாக வரும். அங்கே மகனைக் குறிக்கும் சொல் 'மக்கி'. உடனே "நம்ம மகன்தான் சார்!" என்பார்கள். அதே சொல் இன்று ஸ்காட்லாந்துப் பெயர்களின் முன்னே 'மக்' என்று வருகிறது. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு நிலைபெறாது. இது தற்செயல் ஒற்றுமை. பெயரின் மூலத்தைத் தேடும்போது பல சொற்களில் ஒழுங்கான ஒலி மாற்றமும் காலச் சான்றும் வேண்டும் என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பறைச் செயல்பாடு

1. மாணவர் தம் வீட்டில் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதி வரட்டும்.
2. தெய்வம், ஊர், உறவு, பெரிய-சின்ன அடை, பிறமொழிச் சொல் என்று வகைப்படுத்தட்டும்.
3. மேலே கண்ட கல்வெட்டுப் பெயர்களை அதே வகைகளில் அடைக்கட்டும்.
4. எந்த வகை நிலைத்தது, எது மறைந்தது என்று ஐந்து வரி எழுதட்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு முதல் படியே போதும். உடைந்த மண்சட்டி ஓட்டில் தம் பெயரைத் தமிழ்-பிராமியில் எழுதிப் பார்க்கலாம். கூர்முனை இல்லாத ஓடாகப் பார்த்துக் கொடுக்கவும்.

சாதிப் பின்னொட்டைக் கேட்கவோ எழுதவோ கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாள்களை உரக்கப் படிக்கவும் கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் முறை தாள்களை வாசித்தபோது ஒரு மாணவியின் பாட்டி பெயர் 'போதும்பொண்ணு' என்று வந்தது. வகுப்பு சிரித்தது. அவள் தலை கவிழ்ந்தாள். தவறு என்னுடையது.

மறுநாள் அந்தப் பெயர்வகையையே பாடமாக்கினேன். யார் வீட்டுப் பெயர் என்று சொல்லவில்லை. பெண் பிறந்தது போதும் என்று வீட்டார் வைத்த பெயர், அந்தக் காலத்து வீடுகள் பெண் பிள்ளையை எப்படிப் பார்த்தன என்பதற்குச் சான்று என்றேன். பெயரைத் தாங்கியவருக்கு அதில் வெட்கம் இல்லை; வெட்கப்பட வேண்டியது அப்படிப் பெயர் வைக்கச் செய்த காலம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி வந்து, "எங்க பாட்டிதான் சார் எனக்குப் பேர் வச்சாங்க" என்றாள். அவள் பெயருக்கு வெற்றி என்று பொருள்.