தீவு பார்க்க வரும் விருந்தாளிகளுக்கு அரியாங்குப்பத்துக் குறிப்புகள்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் அரியாங்குப்பத்து வீடுகளில் கூடுதலாக நாலு பாய் விரிக்க வேண்டியிருக்கும். வந்திறங்கிய மறுநாளே, "சித்தி, இங்க போட்ல போற தீவு இருக்காமே?" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் கேட்பது நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகு குழாமிலிருந்து போகிற பாரடைஸ் பீச்சை. புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் படகு குழாம் இது. கணக்காகப் பார்த்தால் அது தீவு இல்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் நீண்டு கிடக்கும் மணல். ஆனாலும் படகில் போய்ப் படகில் திரும்புவதால் தீவுக்குள்ள சிக்கல் அத்தனையும் அதற்கு உண்டு. மறந்த சாமானை ஓடிப்போய் எடுத்துவர முடியாது, நினைத்த நேரத்துக்குக் கிளம்பவும் முடியாது. கூட்டிப் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. சனி, ஞாயிறு வேண்டாம். சென்னை, பெங்களூர் வண்டிகள் எல்லாம் அன்றைக்குத்தான் வரும். வார நாளில் காலை டிபனை முடித்துக்கொண்டு போனால் முதல் சில படகுகளில் இடம் கிடைக்கும், மணலும் சுடாது. டிக்கெட் எடுக்கும்போதே "கடைசி படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகிற வரிசையை விடத் திரும்புகிற வரிசைதான் நீளம். சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வரும். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் கடைசி படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைக்கு வந்துவிடுவது நல்லது.

2. புதுச்சேரியிலிருந்து நோணாங்குப்பம் சுமார் 8 கிலோமீட்டர். கடலூர் சாலையில் போகும் டவுன் பஸ், டெம்போ எதில் ஏறினாலும் சுண்ணாம்பாற்றுப் பாலத்துக்கு முன்னால் இறக்கிவிடச் சொன்னால் போதும். தனி ஆட்டோ பேசுவதானால் திரும்பி வரவும் சேர்த்தே பேசுங்கள்.

3. ஜனவரி முதல் மார்ச் வரை அருமையான காலம். கத்திரி வெயிலில் வந்தால் காலையிலேயே போய், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் வானிலைச் செய்தி கேட்காமல் ரயில் டிக்கெட்கூட எடுக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இரண்டு புயல்கள் இந்தக் கரையில்தான் ஏறின. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் ஆபத்து இருக்கிறது. செஞ்சி மலைப் பக்கம் பிறந்து வரும் சங்கராபரணிதான் இங்கே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரண்டாகப் பிரிகிறது. மேலே வீடூர் அணையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் இங்கேதான் வந்து கடலில் சேரும். படகு நிறுத்தியிருக்கிறது என்றால் வாசலில் நின்று தகராறு செய்யாதீர்கள், காரணம் இருக்கும்.

4. இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள். மணல் திட்டில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஆற்றுப் பக்கம் கண்ணாடி போலக் கிடக்கும், கடல் பக்கம் அலை அடிக்கும். வருகிறவர்கள் அலைக்குப் பயந்து பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் இறக்கிவிடுகிறார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஆபத்தானதுதான். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஆறு முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குள் பாயும். மேலே சலனமே தெரியாது, கீழே காலை இழுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுப்பு இன்னும் அதிகம். கரை ஓர மணலும் நம்பக்கூடியது இல்லை. முழங்கால் ஆழத்தில் நிற்கும்போதே காலடி சரிந்து அடுத்த அடி கழுத்தளவு போய்விடும். போன வருஷம் மேடாக இருந்த இடம் இந்த வருஷம் பள்ளமாக இருக்கும், ஆகவே பழைய அனுபவமும் உதவாது.

கடல் பக்கம் வேறு ஒரு ஏமாற்று. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்கும்போது நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரியும். "இங்க அலை இல்ல, வாங்க" என்று அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி பெரும்பாலும் அதுதான். ஆளையும் சேர்த்து எடுத்துப் போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துவிடக் கூடாது. கரைக்குப் பக்கவாட்டில், வடக்கோ தெற்கோ நீந்தினால் இழுப்பு விட்டுவிடும், பிறகு அலையோடு கரைக்கு வரலாம். நீச்சல் தெரியாதவர்கள் கையைத் தூக்கிக் கூப்பிட்டபடி மிதக்கப் பார்க்க வேண்டும். இன்னொருவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு குதிக்காதீர்கள். ஒரு ட்யூபோ, காலி வாட்டர் கேனோ, முடிச்சுப் போட்ட புடவையோ வீசுங்கள். கடலோரக் காவல் படைக்கு 1554, ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசரத்துக்கு 112.

குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு எழுத என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. அவர்களோடு வந்தவர்கள்தான் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

5. புடவையோடு அலையில் நிற்காதீர்கள். நனைந்த புடவை கனக்கும், காலைச் சுற்றும், அடுத்த அலையில் எழுந்து நிற்க விடாது. ஒருநாளைக்குச் சுடிதார் போட்டால் குடும்ப மானம் போய்விடாது. வளையல், மோதிரம், கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தண்ணீரில் விரல் ஒடுங்கி மோதிரம் தானாக நழுவும். தாலிச் செயினைக் கழற்ற மனமில்லாதவர்கள் ஊக்கு போட்டு உள்பக்கமாகக் குத்திக்கொள்ளலாம்.

6. பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு மாற்று உடை, இரண்டு துண்டு, நனைந்ததைப் போட ஒரு தனிப் பை, தொப்பி, ரப்பர் செருப்பு, சில்லறைப் பணம். போன் பே உண்டு என்று நம்பிப் போய் சிக்னல் கிடைக்காமல் விழித்தவர்கள் உண்டு. வேண்டாதவை: தோல் செருப்பு, நல்ல பட்டு, குளிர்பதனப் பெட்டி அளவுக்கு சாமான். படகில் ஏறி இறங்கும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் வாரை இறுக்கிக் கட்டுங்கள். போட்டோவுக்காகத் திறந்துவிட்ட ஜாக்கெட் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுபோகும்.

7. கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையை விட்டால் வேறு இல்லை. தேங்காய்ச் சட்னி, சாம்பார் சாதம் வெயிலில் மதியத்துக்குள் கெட்டுவிடும். தயிர்சாதம் கட்டுவதானால் சாதத்தைப் பால் விட்டுக் குழைத்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துக் கட்டுங்கள்; சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். வாழையிலையை அடுப்பில் லேசாக வாட்டிவிட்டுப் பொட்டலம் கட்டினால் கிழியாது, தட்டும் கழுவ வேண்டாம். மோரில் உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். உணவு உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டா என்று டிக்கெட் கவுண்டரிலேயே விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் கரையிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறலாம். இலையையும் பாட்டிலையும் மணலில் புதைக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டு நாளில் அது ஆற்றுக்கு வரும், பிறகு எங்கள் வலைக்கு வரும்.

8. மணலில் நிழல் குறைவு. குடை கனமென்று விட்டுவிடாதீர்கள். உடம்பு சிவந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போட்டு, பிறகு சோற்றுக்கற்றாழைச் சோறு தடவலாம். தலைசுற்றல், வாந்தி, பிதற்றல் என்றால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

9. சொறி மீன் பட்டு எரிந்தால் மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது; கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும். கரைக்கு வந்தபின் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும். மூச்சுத் திணறினால் உடனே 108.

10. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் கரையோரங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். குழியோ, குஞ்சோ கண்ணில் பட்டால் கையால் தொட்டு செல்ஃபி எடுக்காமல் விலகி நடங்கள். இருட்டில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கும்.

11. படகு ஏற முடியாத பெரியவர்கள் இருந்தால் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் பீச் போதும். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை, வண்டியிலேயே போய்விடலாம்.

12. படகுக்குக் கூட்டம் அதிகமென்று தெரிந்தால் ஏமாந்து திரும்ப வேண்டாம். நீங்கள் நிற்கிற ஊரே பாதித் தீவுதான். வடக்கே அரியாங்குப்பம் ஆறு, தெற்கே சுண்ணாம்பாறு, கிழக்கே கடல். இந்த மூன்றுக்கும் நடுவில் காக்காயன்தோப்புப் பக்கம் இருக்கிறது அரிக்கமேடு. ரோமாபுரியோடு வாணிபம் நடந்த துறை. கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளஸில் வரும் 'பொதுகே' இதுதான் என்று கருதுகிறார்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. இத்தாலியில் செய்த அரெட்டைன் மட்பாண்ட ஓடுகள் இங்கே கிடைத்ததால்தான் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்கு பிடிபட்டது.

ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: போனால் கண்ணுக்குத் தெரிவது மரத்தோப்பும், 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டடத்தின் இடிந்த செங்கல் தூண்களும், அமைதியாக வளைந்து போகும் ஆறும்தான். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ஆகவே முதலில் புதுச்சேரியில் செயின்ட் லூயி வீதி மியூசியத்தில் பாசிமணிகளையும் ஜாடி ஓடுகளையும் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். வெறும் மேடு அப்போதுதான் பேசும். மழைக்குப் பிறகு மண்ணில் மணி மின்னினாலும் பொறுக்கிப் பையில் போடக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம்.

13. ஆடி ஐந்தாவது வெள்ளியன்று வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வரைக்கும் தொடர்கிறது. அன்றைக்குப் படகு குழாம் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள், சாலையில் நகர முடியாது. தேரைப் பார்க்க வாருங்கள். தீவை இன்னொரு நாள் பார்க்கலாம்.

14. வீடு திரும்பியதும் நேராகக் குளியலறைக்குள் ஓடவிடாதீர்கள். மணல் குழாயை அடைத்துவிட்டால் விருந்தாளி போன பிறகு அவதிப்படப் போவது நீங்கள்தான். வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்துக் காலைக் கழுவச் சொல்லுங்கள். குழந்தைகள் உடம்பில் ஒட்டிய மணலுக்குப் பவுடர் தூவித் துண்டால் துடைத்தால் தானாக உதிரும். காலில் தார் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நிமிடம் விட்டுத் துடைக்கவும். கடல் தண்ணீர் பட்ட துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசுங்கள்; உப்போடு சோப்பு போட்டால் நுரைக்காது, சோப்புதான் தீரும்.

15. போன் கடலில் விழுந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள். அரிசி டப்பாவில் புதைத்து வைப்பதால் அரிசி கெடுவதுதான் மிச்சம்.

16. ஊருக்குத் திரும்பும்போது மீன் கேட்காத விருந்தாளி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, வஞ்சிரம் வாங்க நினைத்தால் விலை கேட்டு மயக்கம் வரும். அந்த நாட்களில் சிறு படகுக்காரர்கள் கொண்டுவரும் கிழங்கா, நெத்திலி, காரப்பொடி வாங்குவதே புத்திசாலித்தனம். மற்ற நாட்களில் செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் பிதுங்கித் தெளிவாக இருக்க வேண்டும், வயிற்றை அழுத்தினால் குழி விழக் கூடாது. "அக்கா, காலையில வந்த மீனு" என்று சொல்லாத மீன்காரம்மா கிடையாது, விரலை நம்புங்கள்.

குடலை எடுத்துக் கழுவிய பிறகே பெட்டியில் வையுங்கள். தெர்மோகோல் பெட்டியில் கீழே ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் மறுபடி ஐஸ். மீனைப் பாலிதீன் கவரில் கட்டிவிட்டால் ஐஸ் உருகிய தண்ணீரில் ஊறி வெளுக்காது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பெட்டியை இன்னொரு பெரிய கவருக்குள் இறக்குங்கள். இல்லாவிட்டால் பஸ்ஸில் அடுத்த சீட்டுக்காரர் விழுப்புரம் வரைக்கும் முறைத்துக்கொண்டே வருவார். மீன் கழுவிய கை நாற்றத்துக்கு எலுமிச்சைத் தோல், பாத்திரத்துக்குப் புளி.