கண்ணுக்குத் தெரியாததை அளப்பது எப்படி? – ரேடான் வழியே ஒரு பாடம்

பத்தாம் வகுப்பு ‘அணுக்கரு இயற்பியல்’ பாடத்தில் கியூரி, பெக்கொரல் ஆகிய அலகுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவை எதற்குப் பயன்படுகின்றன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அமெரிக்காவில் வீடு விற்கும்போது செய்யப்படும் ரேடான் சோதனையைக் கொண்டு இதை நான் கற்பித்து வருகிறேன்.

பின்னணி

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. தரைவிரிசல் வழியாக வீட்டுக்குள் புகுந்து, குளிருக்காக அடைத்து வைத்த அறைகளில் தேங்கும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இதுவே என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் பணிபுரிந்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளரைக் கண்டதும் கதிரியக்க எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. காரணம் ஆலை அல்ல, அவர் குடியிருந்த வீடு! அங்கே ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2,700 பிக்கோகியூரி ரேடான் இருந்தது. 4 பிக்கோகியூரியை எட்டினாலே வீட்டைச் சீர்செய்ய வேண்டும் என்பது அந்த முகமையின் பரிந்துரை.

செயல்பாடு 1: அலகு மாற்றம்

1 பிக்கோகியூரி = 0.037 பெக்கொரல். 1 கன மீட்டர் = 1,000 லிட்டர். எனவே 4 × 0.037 × 1,000 = 148 பெக்கொரல். வாட்ரஸ் வீட்டின் அளவு இந்த வரம்பைப்போல் எத்தனை மடங்கு? மாணவர்களே கணக்கிடட்டும் (விடை: 675).

செயல்பாடு 2: அரை ஆயுட்காலம்

வீடு விற்பனையில் குறைந்தது 48 மணி நேரம் சோதனை நடக்கும். கரி நிரப்பிய சிறு டப்பா ரேடானை ஈர்த்துக்கொள்ளும். அதை உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏன்? ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு விடையை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள்.

செயல்பாடு 3: அளவீட்டில் நேர்மை

சோதனைக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். அளவு குறைவாக வந்தால் விற்பவருக்கு லாபம். மணிக்கொரு முறை பதிவு செய்யும் கருவியின் வரைபடம் ஒன்றைக் கற்பனையாகக் கரும்பலகையில் வரைந்து, நள்ளிரவில் கோடு சட்டென்று இறங்குவதுபோல் காட்டினேன். “ஜன்னலைத் திறந்துட்டாங்க சார்!” என்றான் ஒரு மாணவன். “வானிலை மாறியிருந்தால்?” என்று கேட்டேன். “அந்த நேரத்து அறை வெப்பநிலையையும் பார்க்கணும்” என்றாள் இன்னொருத்தி. ஒருவரைக் குற்றம் சொல்லும் முன் இரண்டாவது சான்றைத் தேடும் பழக்கம் அங்கே தொடங்கியது.

ஆசிரியர் கவனத்திற்கு

பாடம் அச்சமூட்டி முடியக்கூடாது. அளவு மிகுந்த வீட்டிலும் தரைக்கு அடியில் குழாய் பதித்து, விசிறியால் வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றிவிடலாம். பிறகு மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அளத்தல், சரிசெய்தல், மறுபடி அளத்தல் என்ற இந்த வரிசையை மாணவர்கள் தம் சொற்களில் எழுதினால் பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.