யார் வீட்டுப் புழு?

அன்புள்ள தங்கைக்கு,

உன் கிளினிக்குக்கு வந்த பால் பைத்தான் (ball python) பாம்பைப் பற்றி எழுதியிருந்தாய். பல வாரமாக எலியைத் தொடவில்லை, எச்சத்தில் புழு முட்டை தெரிகிறது, புழு மருந்தான ஃபென்பெண்டசோல் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்பதால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாம் கற்றது பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும் நாயும்தான். முட்டை தெரிந்தால் குடற்புழு நீக்கம் செய் என்று கை பழகிவிட்டது. பாம்பு அப்படியல்ல. அது எலியை முடியோடும் குடலோடும் முழுசாக விழுங்குகிறது. எலியின் குடலில் இருந்த சைஃபேசியா, ஆஸ்பிகுலுரிஸ் என்ற பின்வார்ம்களின் முட்டைகள், எலியின் தோலில் இருந்த உண்ணி முட்டைகள் எல்லாம் பாம்பின் வயிற்றைக் கடந்து உன் ஸ்லைடில் வந்து உட்காரும். ஒரு பக்கம் தட்டையாக, நீளமாக இருக்கும் முட்டையைப் பார்த்தால் முதலில் எலியைச் சந்தேகி. அந்த வகைப் பின்வார்ம் ஆமைக்கும் இலை தின்னும் ஓணானுக்கும் சகஜம், பாம்புக்கு அபூர்வம். அதற்கு மருந்து ஊற்றினால் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்த கதைதான்.

பாம்பின் சொந்தப் புழு வேறு. மெல்லிய ஓட்டுக்குள் செல்கள் பிரிந்து நிற்கும் நீள்வட்ட முட்டை என்றால் காலிசெஃபாலஸ், அதாவது பாம்பின் கொக்கிப்புழு. தடித்த ஓடும் சொரசொரப்பான மேற்பரப்பும் இருந்தால் உருண்டைப்புழு. உள்ளே குட்டிப்புழு சுருண்டு கிடக்கும் முட்டையோ, நெளியும் குட்டிப்புழுவோ தெரிந்தால் ராப்டியாஸ் இருக்கலாம். அது நுரையீரலில் வாழும் புழு. முட்டை தொண்டை வழியாக மேலே வந்து, விழுங்கப்பட்டு, எச்சத்தில் இறங்கும். பாம்பு வாயைத் திறந்து மூச்சுவிடுகிறதா, வாயில் சளி கோக்கிறதா என்று அப்போது பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். அவர்கள் கொண்டுவந்தது எச்சம்தானா? பலர் டப்பாவில் போட்டு வருவது சுண்ணாம்புக் கட்டி மாதிரியான வெள்ளை யூரேட்டைத்தான். அது சிறுநீர், அதில் புழுவைத் தேடிப் பயனில்லை. கூடவே வரும் பழுப்புப் பகுதிதான் வேண்டும், அதுவும் புதிதாக. உடனே பார்க்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல், ஃப்ரீசரில் வேண்டாம். ஒரு துளி சலைனில் நேரடி ஸ்மியர் ஒன்று, உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு ஒன்று, இரண்டையும் பார். மிதவையில் மட்டும் பார்த்தால் உயிருள்ள குட்டிப்புழு கண்ணில் படாமல் போய்விடும்.

இனி சாப்பிடாத கதை. பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டாயா? சென்னையில் நான் பார்க்கும் பால் பைத்தான்களில் பல ஏசி அறையில்தான் குடியிருக்கின்றன. வீட்டுக்காரர் 23 டிகிரியில் தூங்குகிறார், பாம்பும் அதே 23-இல் கிடக்கிறது. கானா, டோகோ, பெனின் பக்கத்து உயிர் அது. பெட்டியின் ஒரு மூலையிலாவது 31, 32 டிகிரி இருந்தால்தான் தின்றது செரிக்கும். செரிக்காது என்று தெரிந்தால் அது வாயைத் திறக்காது. போதாததற்கு, ஆரோக்கியமான பால் பைத்தானே இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எடை குறையாமல் பட்டினி என்றால் நான் பதறுவதில்லை. முதுகெலும்பு கூரைபோல எழும்பி, எடையும் இறங்கினால்தான் கவலை. குளிர்ந்த பாம்புக்கு மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. முதலில் சூடு, பிறகு தண்ணீர்ச் சத்து, அதற்குப் பிறகுதான் மருந்து.

புழு பாம்புடையதுதான் என்று உறுதியானால் ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 25 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. கண்மதிப்பில் எடை போடாதே, கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். 1.2 கிலோ பாம்புக்கு 30 மில்லிகிராம். பாட்டிலில் 2.5 சதவீதம் என்று இருந்தால் அது 1.2 மில்லி, 10 சதவீதம் என்றால் 0.3 மில்லி. லேபிளைப் பார்க்காமல் ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். இந்த மருந்து அளவு மீறி எலும்பு மஜ்ஜையைப் பாதித்த பாம்புகள் பற்றிய பதிவு இருக்கிறது. ஐவர்மெக்டினைப் பால் பைத்தானுக்கு நான் எடுப்பதில்லை, நரம்புக் கோளாறு வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே வீட்டில் ஆமையும் இருந்தால் அந்தப் பாட்டிலைக் காட்டவே காட்டாதே, ஆமைக்கு அது எமன். நாடாப்புழு என்றால் பிராசிகுவாண்டல்.

மருந்து கொடுக்க டியூப் போடும்போது கீழ்வாயின் முன்பக்கத்தில் திறந்து மூடும் மூச்சுத் துளையைக் கண்ணால் பார்த்து, அதைத் தாண்டிப் பின்னால் விடு. சாப்பிடுகிற பாம்பானால் இந்தச் சிரமமே வேண்டாம், உறைநீக்கிய எலிக்குள் மருந்தை ஊசியால் ஏற்றிக் கொடுத்துவிடலாம். உயிரெலி கொடுப்பவரை உறையவைத்த எலிக்கு மாற்று. ராப்டியாசும் கொக்கிப்புழுவும் இடையில் வேறு பிராணி இல்லாமலே பரவும் என்பதால் பெட்டிதான் பாதி வைத்தியம். மரத்தூளை அள்ளிவிட்டு நியூஸ்பேப்பர் விரிக்கச் சொல், தண்ணீர்க் கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவச் சொல்.

கையுறை போடு, பாம்பின் புழு நமக்கும் வரலாம். 2022-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 64 வயதுப் பெண்ணின் மூளையிலிருந்து 8 சென்டிமீட்டர் நீளத்தில் உயிரோடு ஒரு புழுவை எடுத்தார்கள். அங்குள்ள கார்ப்பெட் பைத்தானின் உருண்டைப்புழு அது. ஏரிக்கரையில் பறித்த கீரை வழியாக முட்டை போயிருக்கலாம் என்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கப் பாம்புகளில் ஆர்மிலிஃபர் என்று ஒன்று உண்டு. பார்த்தால் வளையம் வளையமான புழு, உண்மையில் இறால், நண்டின் உறவு. அதன் முட்டை உள்ளே போனால் அதிலிருந்து வரும் குட்டிகள் மனிதருக்குள்ளும் தங்கும். பாம்புக்குள்ளேயே அதைக் கொல்லப் போனால் செத்த உடல்கள் புதுத் தொல்லை தரும். அப்படிச் சந்தேகம் வந்தால் நீயாக எதுவும் செய்யாமல் என்னைக் கூப்பிடு.

பாம்பு எங்கிருந்து வந்தது என்றும் விசாரி. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் திணித்துக் கொண்டுவந்த பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. அப்படி வந்ததற்குப் புழுச்சுமை மட்டும் பிரச்சினையாக இருக்காது, மற்றப் பாம்புகளிடமிருந்து மூன்று மாதமாவது தள்ளி வைக்க வேண்டும். அரசின் பரிவேஷ் தளத்தில் அதை வளர்ப்பவர் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேள். நம்மூர் மலைப்பாம்பையோ சாரையையோ ‘செல்லம்’ என்று தூக்கிக்கொண்டு வந்தால் அது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடு.

இரண்டாம் டோஸுக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி எச்சம் பார். அதற்கு முன் இப்போதைய ஸ்லைடைப் படம் எடுத்து அனுப்பு. எந்த லென்ஸ் என்றும் எழுது. போன படத்தில் 10-ஆ 40-ஆ என்று தெரியாததால் முட்டையின் அளவை என்னால் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
அண்ணன்