பனையேறிக் கெண்டை

முதுகெலும்புடைய உயிரினங்களுள் ஏறக்குறையப் பாதி கதிர்த்துடுப்பு மீன்களே என்பர் இயற்கை நூலார். எலும்புக் கதிர்கள் விசிறிக் காம்புகள்போல் நின்று தாங்கும் மெல்லிய தோலே இவற்றின் துடுப்பாகும். மத்தியும் விலாங்கும் கடற்குதிரையும் இவ்வொரு வகுப்பினவே. அறியப்பட்ட இனங்கள் 30,000க்கு மேற்பட்டன. அவற்றுள் ஒன்றனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். அதற்குக் காரணம் அதன் பெயரேயாம். தமிழ் பயில்வார்க்குப் பெயர்க்காரணம் கேட்பது பிறவிக்குணம் போலும்!

நம் நாட்டுக் குளங்களிலும் வயல்களிலும் வாழும் இதனைப் பனையேறி என்றனர் முன்னோர். மீன் பனை ஏறுமோ? தரங்கம்பாடியிலிருந்த டேனியப் படை அலுவலர் டால்டார்ஃப் என்பார், 1791-ஆம் ஆண்டு நவம்பரில், குளக்கரைப் பனையொன்றில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே இம்மீன் ஏறக் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயக் கழக வெளியீட்டில் வந்தது. அவ்வூரிலேயே ஊழியம் புரிந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் ஐயரும் பெர்லின் நகரத்து மருத்துவர் பிளாக் என்பார்க்கு இச்செய்தியைத் தெரிவித்தார். (ஐயர் அனுப்பிய மீன்களுக்கு நன்றியாகப் பிளாக் கத்தாளையின் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்றே பெயரிட்டார்.)

பின்வந்தோர் சிலர் இதனை மறுத்து, காகமும் பருந்துமே தரையிற் செல்லும் மீனைக் கவ்வி மரத்தில் விட்டன என்றனர். ஒருவர் கண்டதுகொண்டு பனையேற்றம் இம்மீனின் வழக்கம் என்று நாம் துணியோம். ஆயினும் பெயரை வெறுங்கதையென்று தள்ளவும் ஒப்போம். மழைக்காலத்தில் இது ஒரு நீர்நிலையை விட்டு மற்றொன்றுக்குத் தரைவழியே செல்வது ஐயமற்றது. சேற்றில் தாவும் உளுவை துடுப்பை ஊன்றும். இதுவோ செவுள்மூடியை விரித்து, அதன் விளிம்பிலுள்ள முட்களை நிலத்தில் பதித்து, வாலால் உந்தி முன்னேறும். அம்முட்கள் பனஞ்செதும்பிலும் பற்றக்கூடியனவே.

நடையினும் வியப்பு மூச்சிலே உளது. ஒரு லிட்டர் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 210 மில்லி லிட்டர். நம் வெப்பநாட்டுத் தெளிநீரிலோ 6 அளவே. வற்றுங் குட்டையில் அதனினுங் குறைவு. ஆகவே இம்மீனுக்குச் செவுளின் மேலே தனியறையொன்று அமைந்துளது. அதனுள் மெல்லிய எலும்புத் தகடுகள் முட்டைக்கோசின் இலைகள்போல் மடிந்து கிடக்கின்றன. அவற்றைப் போர்த்த தோலில் குருதி நுண்குழாய்கள் நிறைந்துள்ளன. வாயால் விழுங்கிய காற்று அங்கே குருதியிற் கலக்கும். செவுள் உண்டெனினும் தனியே அது போதாது. மேலெழுந்து காற்று விழுங்க இயலாமற் செய்துவிடின், இம்மீன் நீருக்குள்ளேயே மூச்சடைத்து மாளும்.