வயலிலிருந்து வரும் காய்ச்சல்

பெரம்பலூரில் மக்காச்சோளம் அறுக்கிறவர்களும், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டில் புதர் வெட்டுகிறவர்களும் மழை, பனி மாதங்களில் காய்ச்சல் என்றால் டெங்குவை மட்டும் நினைக்க வேண்டாம். ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். மாட்டில் ஒட்டும் உண்ணியல்ல இது. கண்ணுக்கே அகப்படாத சின்னப் பூச்சியின் குஞ்சு. புல்லிலிருந்து ஏறும், கடித்தால் வலிக்காது. கிருமி முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போவதால், ஒருமுறை நோய் தந்த புதர் மறுபடியும் தரலாம்.

முழுக்கைச் சட்டை போடுங்கள். கழற்றிய துணியைப் புல்மேல் போடாதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுப்பை வெந்நீரில் துவையுங்கள்.

கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், அரைஞாண் படுமிடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். வலிக்காது என்பதால் நமக்கே தெரியாது. கூச்சப்பட்டு மறைத்தால் மருத்துவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் பொருக்கு வருவதில்லை, ஆகவே காட்டுவேலைக்குப் போனதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவர் தரும் டாக்ஸிசைக்ளினில் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். பென்சிலின் வகை பலிக்காது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும். ஆளுக்கு ஆள் தொற்றாது. நோயாளிக்குத் தனித் தட்டு, தனிப் பாய் எல்லாம் வேண்டியதில்லை.